கழுவனுக்கு அழ ஆளில்லை

எருமைவாய்க் கணவாயில் செத்துப்போன ஆண்கள் மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் காவலுக்குத் திரும்பிவிட்டதில் ஆட்டுக்கோம்பைக்காரர்களுக்கு இருந்த சங்கடம் ஒன்றே ஒன்றுதான்: அவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோவதா, வேண்டாமா. செத்தவனுக்கு எங்கே பசிக்கப் போகிறது என்று சிலரும், நின்று காவல் பார்க்கிறவனுக்கு ஒரு கலயம் கஞ்சி ஊற்றாத ஊர் என்ன ஊர் என்று சிலரும் சாவடியில் கத்திக்கொண்டிருந்தபோது, பெண்கள் பாட்டுக்குக் கலயத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மேடேறிப் போய்விட்டார்கள்.

சண்டை நடந்தது முந்தைய நாள் மத்தியானம். கும்பினிக்கு வணங்க மாட்டேன் என்று காட்டுக்குள் போய்விட்ட பாளையக்காரரைப் பிடிக்க வந்த பட்டாளம், கீழே சமவெளியில் கரட்டூரில் கூடாரம் அடித்து, அங்கிருந்து பீரங்கியும் துப்பாக்கியுமாக மலையேறியது. எருமைவாய் என்பது பொதிமாடு இரண்டு சேர்ந்தாற்போல் நுழைய முடியாத இடுக்கு. அதற்குள் ஊர்க் காவல்காரர்கள் கல்லும் வேல்கம்பும் வளரியும் வைத்துக்கொண்டு நின்றார்கள். "ஒரு ஈ காக்கா தாண்டப்படாது" என்று ஊர் அம்பலகாரர் சிவனாண்டி சொல்லி அனுப்பியிருந்தார். ஈ காக்கை தாண்டவில்லை, ஆனால் நின்றவர்கள் அத்தனை பேரும் விழுந்தார்கள். அதற்குள் மலைமழை பிடித்துக்கொண்டு வெடிமருந்தெல்லாம் நனைந்துபோனதால் பட்டாளம் இறங்கிப் போய்விட்டது. இல்லாவிட்டால் ஊர் அன்றைக்கே முடிந்திருக்கும்.

பிணங்களைக் கொண்டுவந்து மந்தையில் வரிசையாகக் கிடத்தியதும் அம்பலகாரர் ஒரு கட்டளை போட்டார். யாரும் அழக்கூடாது. கணவாய் வழியாகச் சத்தம் அப்படியே கரட்டூருக்கு இறங்கும், எத்தனை வீட்டில் அழுகிறார்கள் என்று வெள்ளைக்காரன் எண்ணிவிடுவான், எண்ணிவிட்டால் நாளைக்கே ஏறி வருவான். நியாயமான பேச்சுத்தான். பெண்கள் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆனால் அந்த மலைப்பக்கத்தில் சாவு என்பது உயிர் போவதோடு முடிகிற காரியம் இல்லை. பெண்டாட்டியோ ஆத்தாளோ கூடப்பிறந்தவளோ மாரில் அடித்து அழுது, ராசா நீ போய்விட்டாயே, போய்விட்டாயே என்று அவனிடமே எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவனுக்கு எப்படித் தெரியும்? தெரியவில்லை. செத்தவர்கள் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள்.

கலயம் சுமந்து போன பெண்களின் பின்னால் ஒருத்தி மட்டும் துணிமூட்டையோடு போனாள். அவள் பெயர் சிலம்பாயி, காவல்காரன் கழுவனின் பெண்டாட்டி. அவள் பிறந்த ஊர் கரட்டூர். கட்டிக்கொடுத்து இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட கழுவன் அவளைக் கணவாயைத் தாண்டி ஆத்தாள் வீட்டுக்குப் போகவிட்டதில்லை. ஒரே ஒரு தடவை ஓடிப் பார்த்தாள். காவல் நின்றவன் அவனேதான் என்பதால் மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஊருக்குள் வந்தான். முந்தைய நாள் மந்தையில் அவன் நெஞ்சில் ஓட்டையோடு மல்லாந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், பல வருஷங்களில் முதல்முறையாகக் கதவுப்பக்கம் காது வைக்காமல் தூங்கினாள். காலையில் எழுந்து மூட்டையைக் கட்டினாள். கணவாய்க்கு வந்தால் அவன் நிற்கிறான்.

"எங்கடி கெளம்பிட்ட?" என்றான் கழுவன். நெஞ்சு ஓட்டை வழியாக அவனுக்குப் பின்னாலிருந்த பாறை தெரிந்தது.

"ஆத்தா வீட்டுக்கு."

"கால முறிச்சு அடுப்புல வச்சுருவேன். போ ஊருக்குள்ள."

செத்தும் இவனுக்கு வேறு பேச்சு வரவில்லையே என்று சிலம்பாயிக்கு ஆத்திரமாக வந்தது. அழுதால்தான் போவான் என்பது அவளுக்கும் தெரியும். அங்கேயே உட்கார்ந்து அழப் பார்த்தாள். மூஞ்சியைக் கோணினாள், மூக்கை உறிஞ்சினாள், மாரில் நாலு தட்டுத் தட்டினாள். கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரவில்லை.

மழை விட்டதும் பட்டாளம் மறுபடி ஏறியது. நேற்றுச் சுட்ட ஆட்களையே இன்றைக்கும் சுட வேண்டியிருந்தது. சுட்டார்கள். குண்டு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனதே தவிர ஒருவரும் அசையவில்லை, கல்லை உருட்டிவிட்டார்கள், வளரியை வீசினார்கள், பட்டாளம் விழுந்தடித்துக்கொண்டு இறங்கியது. அன்றைக்குச் சாயங்காலம் அம்பலகாரர் சாவடியில் நின்று, போட்ட கட்டளை போட்டதுதான், இனிமேல் ஆட்டுக்கோம்பையில் அழுகை கிடையாது என்றார். தோற்றுப்போன ஊருக்கு ஒரே நாளில் தோற்கவே முடியாத காவல் கிடைத்துவிட்டது, அதை யார் விடுவார்கள்?

ஊர் பழகிக்கொண்டது. கணவாயில் நிற்பவர்களின் பெண்டாட்டிகள் சுமங்கலிகள்தான், தாலியைக் கழற்றக்கூடாது, பூ வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பானது. சின்ன வெங்காயத்தை நறுக்கக்கூடாது, முழுசாகத்தான் வேகப்போட வேண்டும். மிளகாய் அரைக்கும் வேலை கணவாயில் ஆள் இல்லாத வீட்டுப் பெண்களுக்கு மட்டும். ஈர விறகு வைத்து அடுப்பெரித்த ஒருத்தியைச் சாவடிக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கண்வலி வந்தவள் அது கண்வலிதான் என்பதற்குச் சாட்சி கொண்டுவர வேண்டியிருந்தது. காதுகுத்து வந்தபோது தாய்மாமன் காவலை விட்டு வர மாட்டேன் என்றதால் பிள்ளையைக் கணவாய்க்கே தூக்கிக்கொண்டு போய், செத்த மாமனின் மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். மடி சில்லென்று இருந்திருக்கும் போல, ஊசி படுவதற்கு முன்னாலேயே பிள்ளை வீறிட்டது. தாடை தெறித்துப்போன தவிடனின் பெண்டாட்டி, இப்பத்தான் இந்த மனுசன் எதுத்துப் பேசாம நான் சொல்றதக் கேக்குறாரு என்று சிரித்தாள். காவலர்களோ சொந்த ஊர்க்காரனையும் தாண்டவிடவில்லை, கட்டளை அப்படி. உப்புப் பொதி ஏறி வருகிற வழியும் அதுதான் என்பதால் ஊரே உப்பில்லாமல் தின்றது. நாக்குச் செத்துப்போய் எல்லாருக்கும் எல்லார் மேலும் எரிச்சல் வந்தது.

கரட்டூரில் இருந்த துரைக்குச் சங்கதி எப்படியோ எட்டிவிட்டது. அவன் சமவெளி ஊர்களிலிருந்து மாரடிக்கிற பெண்களைக் கூட்டிவந்து கணவாய்க்குக் கீழே உட்கார வைத்து அழவிட்டான். காலையிலிருந்து பொழுது சாயும்வரை அவர்கள் அழுத அழுகையில் கல்லும் கரைந்திருக்கும், கணவாயில் ஒருவனும் கரையவில்லை. கூலிக்கு மாரடிக்கிறவள் யார், நம் வீட்டுப் பெண் யார் என்று செத்தவனுக்குத் தெரியாதா? பாறைமேல் குந்திக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒருவன் மட்டும், இந்த மூணாவது பொம்பளைக்குக் குரல் நல்லா இருக்கு என்றானாம்.

ஆனால் வீட்டு அழுகையை எத்தனை நாளைக்குக் கட்டிவைக்க முடியும்? முதலில் உடைந்தவள் பூவாயி, கல்யாணமாகி ஒரு விதைப்புக்கூடப் பார்க்காதவள். வரகுக் காட்டில் களையெடுக்கும்போது, காய்ந்த சேற்றில் புருஷன் கால் பதிந்த தடம் கிடந்ததைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்துவதற்குள் ஓலம் போய்விட்டது. கணவாயில் அவள் புருஷன் தலையைத் திருப்பி, யாரோ கெட்ட சேதி சொன்னதைப்போல ஒரு கணம் கேட்டுவிட்டு, மெல்ல உட்கார்ந்து சாய்ந்தான். ஊர் அவள் மாடுகளை மந்தையிலிருந்து பிரித்து ஓட்டியது, கிணற்றில் அவள் வாளி விடக் கூடாது என்றது, துரோகி என்று குழந்தைகள்கூடக் கத்தின. அதற்கப்புறம் யாரையும் தடுக்க முடியவில்லை. ஒருத்தி வேலிக்குப் பின்னால், ஒருத்தி தினைக் குதிருக்குள் தலையை விட்டுக்கொண்டு, தவிடனின் பெண்டாட்டி சிரித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில். வரகு அறுப்பு முடிந்தபோது எருமைவாய்க் கணவாயில் நின்றவன் கழுவன் ஒருத்தன்தான்.

ஒருத்தன் போதும். இடுக்கு அப்படி. பட்டாளம் அவன் ஒருவனையே குறிவைத்துச் சுட்டுச் சுட்டு, உடம்பைவிட ஓட்டை அதிகமாகிப்போனது. அவன் ஆத்தாளும் அப்பனும் எப்போதோ போய்விட்டார்கள், கூடப்பிறந்தவர்கள் இல்லை. அவனுக்காக அழ உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி, அவளோ அழ முடியாதவள். ஊரைக் காப்பது கழுவன் இல்லை, சிலம்பாயியின் வெறுப்புத்தான் என்று அம்பலகாரருக்குப் புரிந்தது. அன்றைக்கே அவள் வீட்டுக்கு ஒரு கலயம் நெய் வந்தது.

பிறகு தேன் வந்தது, புதுச்சேலை வந்தது. கழுவன் அடித்தபோதெல்லாம் "ஆம்பளைன்னா அப்படித்தான், அனுசரிச்சுப் போ" என்று சொன்ன அதே வாய்கள், "அவன் மனுசனா தாயி, மிருகம்" என்றன. வழியில் பார்த்தால் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். அவள் முகம் கொஞ்சம் வாடினாலும் நாலு பேர் ஓடிவந்து, அவன் செய்ததை மறந்துவிடாதே என்றார்கள். கிணற்றடியில் அவள் குடத்தை வாங்கித் தூக்கிவந்தார்கள். சிலம்பாயிக்கு இதெல்லாம் புதுசு, கசக்கவில்லை என்பதுதான் நிஜம். ஆனாலும் மூட்டையை அவள் அவிழ்க்கவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை மேடேறிப் போய் அவன் முன்னால் நின்று அழப் பார்ப்பாள். அவன் கால முறிப்பேன் என்பான், அவள் கண் காய்ந்தபடியே திரும்பி வருவாள். ஆத்தாளுக்கு வயதாகிவிட்டது, கரட்டூரில் கூடாரங்களுக்கு நடுவே என்ன ஆனாளோ என்று நினைத்துக்கொள்வாள். அப்போதும் அழுகை ஆத்தாளுக்கு வருமே ஒழிய அவனுக்கு வராது.

அவள் அடிக்கடி மேடேறுவதைக் கண்டு அம்பலகாரருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வெறுப்பு என்றாலும் பழசாகிவிட்டால் நமுத்துப்போகுமே. சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஆள் மாற்றி ஆள் அவள் வீட்டுக்குப் போய், கழுவன் செய்த கொடுமைகளை எடுத்துச் சொல்லிச் சூடு ஆறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். பஞ்சமே இல்லை, ஊரில் எல்லாருக்கும் ஆளுக்கு நாலு கதை தெரிந்திருந்தது. இந்த ஏற்பாட்டை யோசித்த தலைக்குக் கொஞ்சம் மூளையும் இருந்திருக்கலாம்.

அன்றைக்கு முறை, ஒரே மண்சுவரைப் பங்கிட்டுக்கொண்ட பக்கத்து வீட்டு மாயக்காளுக்கு. கூடவே அம்பலகாரரும் இன்னும் சிலரும் வந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாயக்காள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அடியே சிலம்பு, அந்த ஐப்பசி மழையில, வயித்துல ஆறு மாசத்துப் பிள்ளையோட ஒன்னிய மிதிச்சுத் தள்ளுனானே, மறந்துட்டியா?"

"மறக்கல."

"மறக்கப்படாது. நீ தவழ்ந்து வந்து எங்க வீட்டுக் கதவுல விழுந்து, மாயக்கா, மாயக்கா, தொறந்து விடுன்னு கத்துனியே, அப்பா! நான் கதவுக்கு முதுகக் குடுத்துத்தான் உக்காந்திருந்தேன். நீ அடிச்ச அடியில கதவு அதிர்ந்தது இன்னும் என் முதுகுல இருக்குடி. அப்பேர்ப்பட்ட பாவி அவன்."

சிலம்பாயி மோர்க் கலயத்தைக் கீழே வைத்தாள். அந்த ராத்திரி அவளுக்குப் பிள்ளை போனது. அதற்கப்புறம் இத்தனை வருஷமும் இந்த மனிதர்கள் நடுவில் அவள் தண்ணீர் எடுத்து, களை பறித்து, கல்யாணத்துக்கு மாவிடித்துக் கொடுத்து வாழ முடிந்ததற்கு ஒரே ஒரு நினைப்புத்தான் காரணம். மழை கொட்டியது, பாவம், யாருக்கும் கேட்டிருக்காது.

"மழை பேஞ்சுதே மாயக்கா," என்றாள். "ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேக்காமயா? ஒன் தொண்டை அம்புட்டுத் தொண்டையாச்சே."

"எங்க வீட்டுக்கும் கேட்டுச்சு தாயி," என்றான் எதிர்வீட்டுக்காரன், தன்னை விட்டுவிடப் போகிறார்களே என்கிற அவசரத்தில். "எம் பொண்டாட்டி பாவம்னு வெளக்கக்கூட ஏத்துனா. நாந்தான் ஊதி அணைச்சேன்."

சிலம்பாயி அம்பலகாரரைத் திரும்பிப் பார்த்தாள். "ஒங்களுக்குமா?"

"சாவடி வரைக்கும் கேட்டுச்சே!" என்றார் அவர் பெருமையாக. "எந்திரிச்சு உக்காந்துட்டேன். புருஷன் பொண்டாட்டி சங்கதி, நாம நுழையப்படாதுன்னு திரும்பப் படுத்தேன். ஆனா மனசுக்குள்ள அந்தப் பயலத் திட்டாம விடல."

அவள் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரிடமும் போய், ஒங்களுக்கும் கேட்டுச்சா, ஒங்களுக்கும் கேட்டுச்சா என்று விசாரித்தாள். எல்லாருக்கும் கேட்டிருந்தது. கண் சிவந்து நின்றவளைப் பார்த்து அவர்களுக்குப் பரம திருப்தி. இன்னும் ஒரு வருஷத்துக்குத் தாங்கும் என்று பேசிக்கொண்டே கலைந்து போனார்கள். வெறுப்பு ஏறியதென்னவோ உண்மைதான். அது யார் மேல் ஏறியது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

காலையில் வெயில் நன்றாக ஏறிய பிறகு சிலம்பாயி மூட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மேடேறும்போதே உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள். கழுவன் மேல் இருந்த வெறுப்பு இருந்த இடத்தில் இல்லை. மொத்தமாகக் குடிபெயர்ந்து ஊர் மேல் போய் உட்கார்ந்துவிட்டிருந்தது. இவனாவது அடித்தான், அடிக்கிறேன் என்று தெரிந்தே அடித்தான். அவர்கள் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டு, காலையில் வந்து, பிள்ளை போனவளுக்கு மருந்தென்று கருப்பட்டிக் காயம் இடித்துக் கொடுத்தவர்கள்.

கணவாயில் கழுவன் ஒரு கையில் வளரியும் ஒரு கையில் வேட்டியுமாக நின்றுகொண்டிருந்தான். சுட்டுச் சுட்டு இடுப்பில் சதையே மிஞ்சாததால் வேட்டி நிற்கவில்லை. வளரியை வீச வேண்டுமென்றால் வேட்டி விழும், வேட்டியைப் பிடித்தால் வீச முடியாது. எத்தனை நாளாக இப்படியோ, வந்தபோதெல்லாம் அழுகையையே தேடியவளுக்கு இது கண்ணில் பட்டதில்லை; ஊரிலிருந்து கஞ்சி கொண்டுவர இவனுக்கு யாரும் இல்லை, எட்டிப் பார்த்துச் சொல்லவும் யாரும் இல்லை.

"எங்கடி கெளம்பிட்ட?" என்றான்.

"சும்மா இருங்க," என்று அவள் கிட்டே போனாள். தன் சேலை முந்தானையில் ஒரு நீளம் கிழித்து, அவன் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். இறுக்க இறுக்கத் துணி உள்ளே போனது. அவ்வளவு கொஞ்சமாக இருந்தான். இந்தக் கையா அடித்தது என்று பார்த்தாள், கை வளரியைப் பிடித்தபடி வெட்கத்தோடு விறைத்திருந்தது.

"கால முறிச்சுருவேன்," என்றான் கழுவன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

அவள் அவனை மன்னித்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் செய்தது செய்ததுதான், செத்ததால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் வெறுப்பு காலிசெய்துவிட்டுப் போன இடத்தில், கட்டிய துணி நிற்காமல் ஒரு மனிதன் ஒற்றையாக நிற்கிற பரிதாபத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. அவள் தரையில் உட்கார்ந்தாள். முகத்தைக் கோண வேண்டியிருக்கவில்லை.

"கணவாய் காத்த எஞ்சாமி, ஒனக்குக் கட்டுன துணி நிக்கலையே
ஊரு காத்த எஞ்சாமி, ஒன்ன ஒருத்தருமே பாக்கலையே
போயிட்டியே, நீ போயிட்டியே..."

கழுவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். "நானா?" என்றான். அவள் ஆமாம் என்று தலையாட்டி, மாரில் அடித்துக்கொண்டாள். அவன் வளரியைப் பத்திரமாகப் பாறைமேல் வைத்தான், உட்கார்ந்தான், படுத்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனைத் தாண்டி மறுபக்கம் இறங்கினாள்.

பாதி வழியில் பட்டாளம் ஏறி வந்துகொண்டிருந்தது. முன்னால் வந்த சிப்பாய் தெக்கத்திக்காரன்தான், தமிழிலேயே கேட்டான்.

"மேல நிக்கிறானா?"

"நின்னவரு போயிட்டாரு," என்றாள் சிலம்பாயி.

அவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், அவளும் ஒதுங்கி வழிவிட்டாள். கீழே கரட்டூர் கூரைகள் தெரிய ஆரம்பித்தபோது மேலே முதல் வெடி கேட்டது, அப்புறம் வரிசையாக. அப்புறம் பெண்களின் குரல்கள் கணவாய் வழியாக அப்படியே இறங்கி வந்தன. பூவாயியின் குரல் கேட்டபோது மட்டும் அவள் கால் ஒரு முறை தடுமாறியது. மாயக்காள் யாரையோ கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தினாள். மழை இல்லை, காற்றும் இல்லை, வெயில் சுள்ளென்று அடித்தது. கேட்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. கேட்டுக்கொண்டே இறங்கினாள்.